நோட்டில் எழுதாத கடி

நாளைக்கு வேண்டிய ஆறு டயப்பரையும் மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றிலும் 'இபுகி' என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயர் இல்லாவிட்டால் காப்பகத்தில் வாங்க மாட்டார்கள்.

இபுகி என் பையன். இரண்டு வயது. அவனைக் காப்பகத்தில் விட்டுவிட்டுத்தான் கண்ணாடிச் சட்டத்துக்கு மெருகு போடுகிற பட்டறைக்குப் போகிறேன். பகலெல்லாம் அவன் என்ன செய்தான் என்று கசாமா டீச்சர் தினமும் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புவார்.

'இன்று இபுகி தன் காரை நண்பனுக்குக் கொடுத்தான்.'

'அழுத பிள்ளைக்குக் கைக்குட்டை கொண்டுபோய்க் கொடுத்தான்.'

எனக்குப் படிப்பு கொஞ்சம்தான். ஆனாலும் சைக்கிள் நிறுத்துகிற இடத்திலேயே நின்று இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம், இபுகியோடு அதே வகுப்பில் இருக்கிற சுமுகியின் அம்மா என்னை அங்கே மறித்தாள். மகளின் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். வட்டமாகப் பல் பதிந்திருந்தது.

"உங்க பிள்ளைக்குப் பல்லு நல்லா வரிசையா முளைச்சிருக்கு, இபுகி அம்மா. இந்த மாசத்துல இது ரெண்டாவது."

யார் கடித்தது என்று கடிபட்ட பிள்ளையின் வீட்டாருக்குக் காப்பகத்தில் சொல்வதில்லை. ஆனால் சுமுகிக்குத்தான் பேச்சு வந்துவிட்டதே.

அப்படி இருக்காது என்று நோட்டை நீட்டினேன். வாங்கிப் புரட்டினாள். ஒரு பக்கத்திலும் கடி இல்லை. என் பிள்ளை தங்கம் என்றே இருந்தது.

"நல்லா ஏமாத்தியிருக்கா உங்களை, அந்த டீச்சர். வேலைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகலை, துணிச்சலைப் பாருங்க."

இந்த நோட்டை நானே காப்பகத்தை நடத்துகிற பெரிய டீச்சரிடம் காட்டிப் புகார் சொல்ல வேண்டும் என்றாள். இல்லாவிட்டால் எல்லா அம்மாக்களும் சேர்ந்து இபுகியை அனுப்பிவிடச் சொல்வார்களாம். அவனைக் கொண்டுபோய் விட எனக்கு வேறு இடம் கிடையாது. பட்டறை வேலையும் போய்விடும்.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. ஆனாலும் சுமுகியின் அம்மாவோடு போனேன்.

பெரிய டீச்சர் நோட்டைப் படித்துவிட்டுக் கசாமா டீச்சரைக் கூப்பிட்டார். எழுதியது எல்லாம் நடந்ததுதான், கடித்ததை மட்டும் வீட்டு நோட்டில் எழுதாமல் விட்டேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"காலேஜ்ல மனோதத்துவத்துல படிச்சேங்க. எதைப் பாராட்டுறோமோ அதுதான் வளரும்னு. அதைச் செஞ்சு பார்த்தேன்."

"என் பொண்ணு கைதான் கிடைச்சுதா, செஞ்சு பார்க்க?" என்றாள் சுமுகியின் அம்மா.

எனக்கும் எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. பெற்றவளிடம் மறைக்கலாமா, இது பொய்தானே என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

கசாமா டீச்சர் வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் சுமுகியின் அம்மாவுக்கும் தனித்தனியாகக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கே அவரை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்து செருப்பு அலமாரி பக்கம் நான் நின்றுகொண்டிருந்தபோது, அவர் தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு ஆறவில்லை.

"எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமே, டீச்சர்."

அவர் சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"ஏப்ரல்ல, பழைய நோட்டுல ஒரு தடவை எழுதினேனே, இபுகி அம்மா. நண்பனைக் கடிச்சான்னு. மறுநாள் உடுப்பு மாத்தும்போது பார்த்தேன். அவன் தொடையில அஞ்சு விரலும் பதிஞ்சிருந்தது."

நான் குனிந்து செருப்பைத் தேடினேன்.

"நல்லதா எழுதின அன்னிக்கெல்லாம் நீங்க அவனைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் பாடிக்கிட்டே போனீங்க. அந்த ஏப்ரல்ல அவன் ஒரு நாளைக்கு நாலு பேரைக் கடிச்சான். இப்ப மாசத்துக்கு ரெண்டு. உள்ள சொன்னேனே, செஞ்சு பார்த்தேன்னு. அது அவன்மேல இல்லைங்க. உங்கமேல."

அவ்வளவுதான். குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வகுப்பு அவரிடமே இருந்திருக்கும். நான்தான் தலைகுனிந்து நின்றிருப்பேன்.

அதற்கப்புறம் மூன்று தரம் பெரிய டீச்சரின் அறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். நாளைக்கு எப்படியும் உள்ளே போய், பிள்ளையை அடித்தது நான்தான், அந்த டீச்சரைத் திரும்பவும்

"அம்மா, பால் கொட்டிச்சி."

இதோ வர்றேன் இபுகி, அழாதே, அம்மாவுக்குக் கோபமே இல்லை, நீ அங்கேயே