பச்சைக் கரைப் படிவம்

"கடைசியா ஒரே ஒரு தடவை உள்ள போய்ப் பாத்துட்டு வந்துடட்டுமா மேடம்?"

கேட்டவருக்குக் கண் கலங்கியிருந்தது. உள்ளே சத்தம் அடங்கி அரை மணி நேரமாகிவிட்டது. வெள்ளைத் துணியும் போர்த்தியாயிற்று.

மேடம் கையை நீட்டி வழியை மறித்தார். "வேண்டாம். பாத்தா மனசு கேக்காது, எதையாவது தூக்கிட்டு வந்துடுவீங்க."

துணிக்கு அடியில் கிடந்தவை மூன்று இயந்திரங்கள். கேட்டவர் அவற்றோடு இருபது வருடம் குடும்பம் நடத்திய ஃபோர்மன். மேடம் திவால் நிர்வாகி. நொடித்துப்போன கம்பெனியைப் பொறுப்பெடுத்து, அது பிழைக்குமா பிழைக்காதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. பதினோரு வருடம் மற்றவர்களுக்குக் கோப்பு தூக்கிய பிறகு, தன் பெயரிலேயே கிடைத்த முதல் கம்பெனி இது.

அதனால் விதிப்புத்தகத்தை வரி வரியாகப் படித்துவிட்டு வந்திருந்தார். சாவிக்கொத்து, ரப்பர் ஸ்டாம்ப், கம்பெனியின் கைபேசி எல்லாவற்றையும் வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். இயந்திர அறையைப் பூட்டி, பூட்டின் மேல் அரக்கை உருக்கி சீல் வைத்தார்.

இனி பாக்கி ஒன்றுதான். பொறுப்பேற்ற படிவத்தை அன்று மாலை ஐந்து மணிக்குள் திவால் வாரிய அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். ரசீது வரும்வரை அரக்கில் யாரும் கை வைக்கக் கூடாது. ஐந்து தாண்டினால் கம்பெனி வேறொருவர் கைக்குப் போய்விடும். மேடத்தின் பெயர் இரண்டு வருடத்துக்கு நிர்வாகிகள் பட்டியலிலேயே இருக்காது.

சாட்சிக் கையெழுத்துக்காக ஃபோர்மனையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். வழியில் அவர், "மேடம், உள்ள ஒரு சரக்கு..." என்று ஆரம்பித்தார்.

"ரசீது கைக்கு வர்ற வரைக்கும் கம்பெனியப் பத்தி நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. நானும் கேக்கக் கூடாது. அதான் விதி."

ஃபோர்மன் சொன்ன சொல் தட்டாதவர். வாயை மூடிக்கொண்டார். பைக்குள் கம்பெனி கைபேசி அடித்தது. கடன் கொடுத்தவர்களாகத்தான் இருக்கும், அடித்து ஓயட்டும் என்று மேடம் விட்டுவிட்டார். அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் அது இன்னும் ஆறு முறை அடித்து ஓய்ந்தது.

கவுண்டரில் இருந்த கிளார்க் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். மேடம் முத்து முத்தாக எழுதி நீட்டிய தாளை அவர் தொடக்கூட இல்லை. இது பழைய படிவம் என்றார். ஒன்றாம் தேதியிலிருந்து எல்லாம் மாறிவிட்டதாம். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் புதுப் படிவம் தொங்கியது. ஒரே தாள், சுற்றிலும் பச்சைக் கரை, நடுவில் 'மாதிரி' என்று பெரிய எழுத்து.

பழையதற்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் என்று மேடம் கேட்டார். பழையதில் கரை இல்லை என்றார் கிளார்க்.

சரி, புதியதில் ஒன்று கொடுங்கள் என்றதற்கு, இல்லை என்றார். ஜெராக்ஸ் எடுத்துக்கொள்கிறேன் என்றதற்கு, கரை கறுப்பாக விழும், கறுப்புக் கரை செல்லாது என்றார். பச்சை ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து தருகிறேன் என்று மேடம் இறங்கிவந்தபோது, கிளார்க் கண்ணாடியை இறக்கி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பக்கத்தில் ஃபோர்மன் வகுப்பில் சந்தேகம் கேட்கும் பிள்ளையைப் போல ஆள்காட்டி விரலைத் தூக்கினார். நகக்கண்ணெல்லாம் பச்சை. எங்கேயோ கதவுக்குப் பெயின்ட் அடித்திருப்பார் என்று நினைத்த மேடம், விரலைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

மணி நாலே முக்கால். மேடம் கெஞ்சினார். "சார், இது எனக்கு முதல் கேஸ். ஃபாரமே இல்லாம ஃபாரம் கேட்டா நான் எங்க போவேன்?"

"நான் மட்டும் என்னம்மா பண்ணுவேன்? வெளியில ஆர்டர் குடுத்திருக்கு. இன்னைக்குக் காலையில கட்டு வந்து இறங்கியிருக்கணும். காலையிலேருந்து போன் போடறேன், ஒருத்தரும் எடுக்கலை."

மேடத்துக்கு எரிச்சல் கிளம்பியது. போனை எடுக்கக்கூடத் துப்பில்லாத ஆட்களிடம் யார் ஆர்டர் கொடுக்கச் சொன்னது, இப்படி இருந்தால் கம்பெனி நொடிக்காமல் என்ன செய்யும் என்று பொரிந்து தள்ளினார். இன்னொரு தடவை போடுங்கள், நானே பேசி நாலு வார்த்தை கேட்கிறேன் என்றார். ஃபோர்மன் இந்த முறை இரண்டு கைகளையும் தூக்கினார்.

கிளார்க் ரிசீவரை எடுத்து எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

மேடத்தின் பைக்குள் கைபேசி அடித்தது.

ஃபோர்மன் நிம்மதியாகக் கைகளைக் கீழே போட்டார். கிளார்க் பையைப் பார்த்தார். மேடம் ஃபோர்மனின் நகங்களில் ஒட்டியிருந்த பச்சை அச்சு மையைப் பார்த்தார், பிறகு சுவரில் தொங்கிய பச்சைக் கரையைப் பார்த்தார். மெதுவாகக் கைபேசியை எடுத்துக் காதில் வைத்தார்.

கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவர் முகத்தைப் பார்த்தபடியே, கிளார்க் ரிசீவருக்குள் கேட்டார்: "எங்க ஃபாரம் என்னாச்சு?"

மேடம் கைபேசிக்குள் சொன்னார்: "பூட்டுன ரூமுக்குள்ள இருக்கு சார். நீங்க ஒரு ஃபாரம் குடுத்தீங்கன்னா திறந்துடலாம்."

கிளார்க் ரிசீவரை வைத்தார். 'கவுண்டர் மூடப்பட்டது' என்ற பலகையை எடுத்து மேடத்துக்கு நேராக நிறுத்தினார். தண்ணீர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து போனார்.