பூட்டுக்காரர் வராத நாள்

“சட்டசபையில ஓட்டுப் போட வேண்டிய அன்னைக்கு எங்கே போயிட்டீங்க, ஐயா?”

கேட்டது எதிர்க்கட்சி ஆள் இல்லை. இரண்டு தேர்தலிலும் பூட்டுக்காரருக்கே ஓட்டுப் போட்ட சலவைக்கடைப் பெண். சாராயக் கடைக்கு அடுத்த வாசல்தான் அவள் கடை. புருஷன் பெரும்பாலும் இங்கே இருப்பதில்லை, அங்கேதான்.

கூட்டம் மொத்தமும் மேடையில் இருந்த பூட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தது.

மேடையில் ஒரு மேசை, இரண்டு வேட்பாளர்கள், நடுவில் நிகழ்ச்சியை நடத்தும் வானொலிக்காரர், மூன்று பேருக்குமாக ஒரே மைக். பூட்டுக்காரரின் கால் மேசைக்கு அடியில் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் மறு கால் ஆடியது.

அப்பாவின் பூட்டுக் கடையில் அரத்தால் சாவி ராவி வளர்ந்தவர். வியாபாரிகள் சங்கத்தில் பேசப்போய், பேச்சு பிடித்துப்போய், சட்டசபை வரைக்கும் வந்துவிட்டார். வரியைக் கூட்டாதே, பள்ளிக்கூடத்தில் செல்போனை விடாதே, குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடட்டும், சாராயக் கடையை எட்டு மணிக்கு மூடு. பத்து வருஷமாக இதையேதான் சொல்கிறார். அரசாங்கம் வீட்டுக்குள் மூக்கை நுழைக்கக் கூடாது என்பவர் எட்டு மணிக்குமேல் மட்டும் நுழைக்கச் சொல்கிறாரே என்று டீச்சர் கிண்டல் செய்வது வழக்கம்.

டீச்சர்தான் எதிர் வேட்பாளர். தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்ததில் பக்கத்துத் தொகுதியும் இதுவும் ஒன்றாகிவிட, அங்கே ஜெயித்திருந்தவரும் இப்போது இங்கேயே நிற்கிறார்.

எட்டு மணிச் சட்டம் பூட்டுக்காரர் பெற்ற பிள்ளை மாதிரி. போன வருஷம் ஒருவழியாக ஓட்டெடுப்புக்கு வந்தது. ஆதரவும் எதிர்ப்பும் சரிசமம். சமமானால் தோற்றதாகத்தான் கணக்கு. இன்னும் ஒரே ஒரு கை தூக்கியிருந்தால் போதும்.

தூக்காத கை பூட்டுக்காரருடையது. அவர் சபையில் இல்லை.

சாராயக்காரர்களிடம் விலை போய்விட்டார் என்றது ஊர். சொந்த மைத்துனனே முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நடந்தது இதுதான். சபையில் ஒரு வழக்கம் உண்டு, எந்த விதியிலும் இல்லாத வழக்கம். இந்தப் பக்கம் ஒருவரால் வர முடியாமல் போனால், அந்தப் பக்கமும் ஒருவர் வராமல் இருப்பார். இரண்டும் கழிந்துவிடும். ஜோடி சேர்வது என்பார்கள். எழுத்தில் ஒன்றும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். வாக்குத் தவறியவனுக்கு அதன்பிறகு சபையில் யாரும் நாற்காலிகூட நகர்த்த மாட்டார்கள்.

அன்று காலையில் எதிர்வரிசை உறுப்பினர் ஒருவர் போன் செய்தார். பையனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. குடி. பிழைப்பானா தெரியவில்லை. கொறடாவிடம் சொன்னால் ஊரெல்லாம் தெரிந்துவிடும். நீங்கள் ஜோடி சேர்வீர்களா? விஷயம் நம் இரண்டு பேரோடு இருக்கட்டும்.

பூட்டுக்காரர் சரி என்றார். அவர் போட்ட கணக்கில் மசோதா சுலபமாகவே தேறியது. கடைசி நேரத்தில் அவர் கட்சியிலேயே இரண்டு பேர் பல்டி அடிப்பார்கள் என்று அவர் கனவா கண்டார்?

சபைக்கு எதிரிலேயே காரில் உட்கார்ந்திருந்தார். ஓடி வாங்க, ஓடி வாங்க என்று போன் கதறியது. தெருவைத் தாண்டினால் வாசல். கதவுப் பிடியில் கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். இறங்கவில்லை.

இப்போதும் அதே தவிப்புதான். உண்மையைச் சொன்னால் இந்தக் கூட்டமே அவரைத் தோளில் தூக்கிக்கொள்ளும். ஓட்டும் போகாது, பேரும் போகாது. சலவைக்கடைக்காரி உட்காராமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் அவரை வதைத்தது. விலை போனவன் என்று ஊர் சொல்வதைத் தாங்கிக்கொண்டவருக்கு இதைத் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு வயிற்று வலி என்றார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு தொற்றிக்கொண்டு பின்வரிசை வரைக்கும் போனது. சலவைக்கடைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். தோற்றுவிட்டோம் என்று பூட்டுக்காரருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

வானொலிக்காரர் மரியாதைக்கு டீச்சர் பக்கம் திரும்பி, ஏதாவது சொல்கிறீர்களா என்றார். ஓரமாக நின்ற டீச்சரின் கட்சிக்காரர், பேசாதீர்கள், பழம் தானாக மடியில் விழுந்துவிட்டது என்பதுபோல் கையை ஆட்டினார்.

டீச்சர் மைக்கை இழுத்தார். ஆயிரம் பிள்ளைகளை அதட்டிய குரல் இப்போது கம்மியிருந்தது.

“அன்னைக்கு நானும் சபைக்குப் போகல.”

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கட்சிக்காரரின் கை அந்தரத்தில் நின்றது.

இத்தனை மாதமாகப் பூட்டுக்காரர் ராப்பகலாக இதற்குத்தானே ஏங்கினார்? ஆனால் முன்வரிசையில் டீச்சரின் பையன் உட்கார்ந்திருந்தான். கழுத்து எலும்பு தெரிய இளைத்து, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு. மீசை முளைத்த ஆள்தான், இருந்தாலும் இத்தனை பேர் நடுவிலா?

மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, வயிற்று வலிதான், அதற்குமேல் ஒன்றும் இல்லை, அடுத்த கேள்விக்குப் போகலாம் என்று படபடத்தார்.

டீச்சர் அவர் பக்கமே திரும்பவில்லை. மகனைப் பார்த்தார். அவன் ஒரு கணம் தரையைப் பார்த்துவிட்டு, தலையை மேலும் கீழும் அசைத்தான்.

டீச்சர் பூட்டுக்காரரின் கையிலிருந்து மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.