முப்பது வயது நிறைமதி

ஒன்றாம் வகுப்பில் சேர்க்க இப்போதெல்லாம் குழந்தையிடம் எதுவும் கேட்பதில்லை. அது முப்பது வயதில் எப்படி இருக்குமோ, அப்படியே திரையில் வரவழைத்துக் கேட்கிறார்கள்.

வேலையை விட்டுவிட்டு வளர்த்த மகள். காலையில்கூட சுகந்தி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் வந்திருந்தாள். திரையில் அதே கன்னக்குழியைப் பார்த்ததும் கண் கலங்கியது.

"உங்க அம்மாவைப் பத்திச் சொல்லும்மா," என்றார் தலைமையாசிரியை.

"நான் அவங்களோட பேசி ஏழெட்டு வருஷமாச்சு மேடம்."

"ஏன்?"

"அவங்களுக்கே தெரியும்."

சுகந்திக்குத் தெரியவில்லை.

"பொண்ணு நல்லா வந்திருக்கா. சீட் தர்றோம்," என்றார் தலைமையாசிரியை.

வெளியே காத்திருந்த ஐந்து வயது நிறைமதி ஓடிவந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"தூக்கும்மா."

"உனக்குத்தான் கால் இருக்குல்ல. நட," என்றாள் சுகந்தி.