எண்பத்தைந்து டாலர் குரல்

“எண்பத்தஞ்சு டாலராம். சாவிக்குள்ள ஒரு பேட்டரி மாத்த.”

அன்று அடுப்பில் வெந்தது கோழியா, பன்றியா என்று வெர்னனுக்கு இப்போது நினைவில்லை. வெளியே பனி பெய்ததா என்பதிலும் சந்தேகம். பிரிட்டா தன் கார் சாவியை மேசைமேல் வைத்த சத்தம் மட்டும் காதிலேயே இருக்கிறது.

துலூத் நகரில், மார்லிஸ் வீட்டுச் சமையலறை. ஞாயிற்றுக்கிழமை மதியம். மார்லிஸ் கணவனை இழந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஐம்பத்தாறு வயதில் வெர்னன் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தார். “எனக்குச் சம்மதம்தான். என் பொண்ணுக்கும் உங்களைப் பிடிக்கணும்” என்று சொல்லியிருந்தாள். அந்தப் பெண் பிரிட்டாதான் அன்று முதல் முறையாக எதிரே உட்கார்ந்திருந்தாள்.

மார்லிஸ் பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தாள். அந்த ஊரில் வாசலில் நின்று விடைபெறவே அரை மணி நேரம் ஆகும்.

“செவ்வாய்க்கிழமை கார் சர்வீஸுக்குப் போன் பண்ணேன்,” என்றாள் பிரிட்டா. “ஒருத்தர் எடுத்தார். தேன் தடவின குரல். ‘நீங்களே திறக்காதீங்க, உள்ள இருக்கற எலக்ட்ரானிக் சில்லு போயிடும். அப்புறம் கார் கிளம்பவே கிளம்பாது. கொண்டு வாங்க, மெஷின்ல வெச்சுப் பார்த்துடலாம்’னார்.”

வெர்னன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். அந்த வாக்கியங்கள் கார் சர்வீஸ் சென்டரில் அவருடைய மேசைக்கு எதிரே ஒரு தாளில் ஒட்டப்பட்டிருந்தன. மேனேஜர் எழுதியது. செவ்வாய்க்கிழமை அதைப் படித்தது அவர்தான். அந்த மேசையில் வேறு ஆள் கிடையாது.

“என்ன வேலைன்னு கேட்டா, ஆபீஸ் வேலைன்னு மட்டும் சொல்லுங்க,” என்று மார்லிஸ் முன்பே சொல்லி வைத்திருந்தாள். “அவ அப்பா எல்லாத்தையும் தானே ரிப்பேர் பண்ணுவார். சர்வீஸ்காரங்க எல்லாம் கொள்ளைக்காரங்கன்னு சொல்லியே வளர்த்துட்டார்.”

“கடையில ஆறு டாலருக்கு வாங்கிட்டேன்.” பிரிட்டா, காசு போல வட்டமான பேட்டரியை அவர் பக்கம் நகர்த்தினாள். “மாத்தித் தர்றீங்களா? எனக்குத் திறக்கப் பயமா இருக்கு.”

நூற்றுக்கணக்கான சாவிகளுக்கு வெர்னன் பில் போட்டிருக்கிறார். ஒன்றைக்கூடத் திறந்ததில்லை.

“கொடு, பார்க்கலாம்.”

சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் நீட்டிய ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓர் இடுக்கில் வைத்தார். வழுக்கியது.

“ஆபீஸ்ல பேனாதான் பிடிப்பீங்க போல.”

“பேனாகூட இல்ல. கம்ப்யூட்டர்.”

“அது சரி. வெண்ணெய்க் கத்தி வேணுமா? கை பத்திரமா இருக்கும்.”

சாவியின் மறுபக்கத்தில் நெம்பியதும் ‘டக்’கென்று இரண்டாகப் பிளந்தது. பழைய பேட்டரியைக் கிளப்பி எடுத்துவிட்டுப் புதியதை வைத்து மூடினார். ஜன்னல் வழியே காரைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினார். கார் சும்மா நின்றது.

“போச்சு. சில்லு காலி,” என்றாள் பிரிட்டா, சிரிக்காமல்.

மறுபடி திறந்தார். பேட்டரியைத் தலைகீழாக வைத்திருந்தார். திருப்பிப் போட்டு அழுத்த, வெளியே விளக்குகள் இரண்டு முறை கண் சிமிட்டின. சின்னப் பையனுக்கு வருவது போல ஒரு சந்தோஷம் அவருக்குள் எழுந்தது.

“அஞ்சு நிமிஷ வேலை,” என்றாள் அவள். “அந்த மனுஷனைப் பார்த்தா ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இப்படிச் சொல்லும்போது நாக்கு தடுக்காதா?”

வெர்னன் ஸ்க்ரூடிரைவரை மேசைமேல் வைத்தார். ஃப்ரிட்ஜ் உறுமி அடங்கியது. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் மார்லிஸ் வந்துவிடுவாள், சாப்பிடலாம், ஜூனில் கல்யாணம். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகள் வரும். ஒவ்வொன்றிலும் இதே மேசை, இதே மௌனம்.

“தடுக்கும்,” என்றார்.

“என்னது?”

“முதல் வாரம் தடுத்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. அந்தக் குரல் என்னோடது, பிரிட்டா. சில்லு எல்லாம் ஒண்ணும் போகாது. எழுதி வெச்சிருக்காங்க, நான் படிக்கிறேன்.”

அவள் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“கிளம்பட்டுமா?” என்று எழுந்தார்.

“எங்க? உருளைக்கிழங்கு மசிக்க ஆள் வேணும்.”

மார்லிஸ் உள்ளே வந்தபோது இருவரும் பேசாமல் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தார்கள். இது சண்டையா, சமாதானமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

ஜூனில் கல்யாணம் நடந்தது. வெர்னன் உதிரிபாகப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார்; அங்கே போன் எடுக்க வேண்டியதில்லை. அந்தத் தாள் அங்கேயேதான் ஒட்டியிருக்கிறது, வேறொருவர் படிக்கிறார். மார்லிஸ் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். பிரிட்டா மினியாபோலிஸில் வேலைக்குப் போய்விட்டாள். மாதம் ஒரு ஞாயிறு வந்துவிடுவாள்.

கல்யாண விருந்தில் கோப்பையை உயர்த்தி அவள் பேசியது கொஞ்சம்தான்: “இவரோட விசிட்டிங் கார்டை அம்மா பையில பார்த்துட்டுத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை போன் பண்ணேன். பதினாறு வயசுலேருந்து என் சாவிக்கு நானேதான் பேட்டரி மாத்தறேன்; அந்த ஞாயித்துக்கிழமை காலைல நல்லதைக் கழட்டிட்டு, செத்ததைப் போட்டு வெச்சதும் நான்தான்.”