கடைவாய்ப் பல்

'மனநலப் பிரிவு' என்று பலகை மாட்டிய அறைக்கு ஒருவரும் வராததால், அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநல மருத்துவரைப் புதன்கிழமைகளில் பல் மருத்துவர் அறையில் உட்கார வைத்தார்கள். அதன்பிறகு பெஞ்சு நிரம்பியது. எல்லோரும் கன்னத்தில் கைவைத்தபடி வந்தார்கள். வடிவும் வீட்டில் பல்வலி என்று சொல்லிவிட்டு அப்படித்தான் வந்துபோனாள்.

இந்தப் புதன்கிழமை நாத்தனார் இசக்கியம்மாளும் துணைக்கென்று கூடவே வந்துவிட்டாள். உள்ளே போனால், மனநல மருத்துவர் விடுப்பு. பல் மருத்துவர்தான் இருந்தார். வடிவின் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார்.

"எல்லாப் பல்லும் நல்லாத்தானம்மா இருக்கு?"

"ராத்திரி பொட்டு உறக்கம் கெடையாதுய்யா. சோறும் எறங்கல. அழுதுகிட்டே கெடக்கா" என்ற இசக்கியம்மாள், சட்டென்று வடிவின் பக்கம் திரும்பினாள். "பல்லு நல்லாருந்தா, வாராவாரம் இங்க எதுக்குட்டி வார?"

வடிவு விரலை வாய்க்குள் விட்டு, கடைவாய்ப் பல் ஒன்றைத் தொட்டாள்.

"இதுதான் டாக்டர். பிடுங்கிருங்க."

திறந்திருந்த கதவுக்கு வெளியே, பெஞ்சில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பல்லை நாக்கால் தேடிக்கொண்டிருந்தார்கள்.