நடக்க முடியாதவர்கள் பிரிவு

"நடக்க முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க சார். மத்ததை நான் எழுதிக்கறேன்" என்று பேனாவைத் திறந்தார் முதியோர் இல்லத்தின் மேலாளர். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி.

"நல்லா நடப்பாங்க" என்றார் பெயிண்ட் கடைக்காரர்.

"முடியாது" என்றாள் அவருடைய அம்மா, அதே நேரத்தில்.

மேலாளர் பேனாவை மூடினார்.

பெயிண்ட் கடைக்காரர் குனிந்து பார்த்தார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கட்டண அட்டவணை தெளிவாகத் தெரிந்தது. நடக்கிறவர்களுக்கு மாதம் பதினெட்டாயிரம். நடக்க முடியாதவர்களுக்கு இருபத்தேழாயிரம். அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு வரும் பென்ஷன் பதினாறாயிரம். மேலே இரண்டாயிரம் போடச் சொன்னால் யோசிக்காமல் போடுவார். பதினோராயிரம் என்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

இத்தனைக்கும் முதியோர் இல்லம் என்ற பேச்சை எடுத்ததே அம்மாதான். "வாடகை வீடும் மாடிப்படியும் போதும்டா. என்னைக் கொண்டுபோய் விட்டுடு" என்று போன மாதம் அவளே சொன்னாள். இருபது வருடமாக அம்மாவோடு இருக்கும், இப்போதும் பையோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அக்காவும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவுக்கு அறுபத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு எங்கேயாவது சின்னதாக ஒரு அறை பார்க்க வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். நினைத்ததோடு சரி.

"அம்மா, காலைல கார்ல முதல் ஆளா ஏறி உக்காந்தது யாரு?"

"ஏறினது ஞாபகம் இருக்கு. இறங்கினதுதான் இல்ல."

"என் கையைப் பிடிச்சுக்கிட்டு நீதானேம்மா இறங்கினே."

"பாத்தியா, நீயே சொல்றே. நீ பிடிச்சதாலதான்."

மேலாளர் நர்ஸை அழைத்தார். நர்ஸ் நான்கடி தள்ளி நின்றுகொண்டு, "இங்க வாங்கம்மா, பாக்கலாம்" என்றாள். அம்மா எழுந்தாள். ஓரடி வைத்தாள். பிறகு அவசரமே இல்லாமல், புடவை கசங்காதபடி, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுக்குமேல வராது" என்றாள்.

நர்ஸ் காகிதத்தில் ஒரு கட்டத்துக்குள் டிக் அடித்தாள்.

"மேடம், அம்மா நடிக்கறாங்க" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"நடிக்கறவங்க இங்க நிறைய பேர் வர்றாங்க சார். எல்லாரும் நடக்க முடியும்னுதான் நடிப்பாங்க. கட்டணம் ஏறட்டும்னு யாரும் இதுவரைக்கும் விழுந்து காட்டினதில்ல."

மேலாளர் மறுபடியும் பேனாவைத் திறந்தார்.

"இன்னொண்ணு சார். இந்தப் பிரிவுல ராப்பகல் பக்கத்துலயே துணைக்கு ஒரு பெண் இருக்கணும். எங்க ஆளைப் போட்டா எட்டாயிரம் கூட ஆகும். உங்க வீட்டு ஆள் யாராவது தங்கினா பணம் வேண்டாம். கட்டிலும் மூணு வேளைச் சாப்பாடும் நாங்களே குடுத்துடுவோம்."

எட்டாயிரம் என்று காதில் விழுந்ததும் அவருடைய மூளை சுறுசுறுப்பானது.

"எங்க அக்கா இருக்காங்களே" என்றார்.

"அவளுக்கு எதுக்குடா இந்தத் தொல்லை" என்றாள் அம்மா தரையிலிருந்து.

"நீ சும்மா இரும்மா. இருபது வருஷமா பாத்துக்கிட்டவ, இன்னும் கொஞ்ச நாள் பாத்துக்க மாட்டாளா? என்னக்கா சொல்றே?"

"நீ சொன்னா சரி தம்பி" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்காவுக்கு அறை தேடும் வேலையும் மிச்சம். இன்றைக்கு இந்த ஒரு விஷயமாவது தன் சாமர்த்தியத்தில் நடந்ததே என்று அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அம்மாவை வீல்சேரில் வைத்து மேல்தளத்துக்குக் கொண்டு போனார்கள். அக்கா பையோடு பின்னால் போனாள். அவர் பதினோரு இடங்களில் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டாவது இடத்துக்கு வந்தபோது மேலாளர், "பென்ஷன் புத்தகம் வேணும் சார், அசல்" என்றார். அது அக்காவின் பையில் இருந்தது.

படியேறிப் போனார். மேல்தளத்துச் சுவருக்கு ஒரே ஒரு கோட் பெயிண்ட் அடித்து ஒப்பேற்றியிருந்தார்கள். அதை விரலால் சுரண்டிப் பார்த்துக்கொண்டே கடைசி அறை வரை வந்தவர், ஒருக்களித்திருந்த கதவுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

வீல்சேர் காலியாக இருந்தது. கட்டிலில் அக்கா படுத்திருந்தாள். அவளுடைய இரண்டு முழங்கால்களும் வீங்கிப் பளபளத்தன. அம்மா குனிந்து அவற்றுக்குத் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். தேய்த்து முடித்ததும் விறுவிறுவென்று நடந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எத்தனை நாளைக்கும்மா இப்படி நடிப்பே?" என்றாள் அக்கா.

"ரெண்டே வருஷம். அறுபத்தஞ்சு ஆகாம உன்னைத் தனியாச் சேர்த்துக்க மாட்டேங்கறாங்களே, நான் என்ன பண்றது? அதுவரைக்கும் நான் நடக்காம இருந்தாப் போதும். தம்பிகிட்ட மூச்சு விடாதே."

நடையின் மறுகோடியில் நர்ஸ் மருந்துத் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். பெயிண்ட் கடைக்காரர் சத்தமில்லாமல் கதவை இழுத்துச் சாத்தி, அதற்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

"இப்ப வேண்டாம் சிஸ்டர், அப்புறமா வாங்க" என்றார். "அம்மாவால அசையக்கூட முடியல."