கிளாஸ்மேல் அட்டை

பீர்க்கடையில் பரிமாறும் ஹெரிபர்ட் நேற்றுக் குத்திக் கொன்று நிலவறைப் பீப்பாயில் அடைத்த இளைஞன், இன்று மதியம் அதே மேசையில் உட்கார்ந்திருந்தான். தலைமுடியிலிருந்து பீர் சொட்டிக்கொண்டிருந்தது.

முதுகுப்பையோடு ஊர் ஊராகப் போய், அங்கங்கே கிடைப்பதைத் தின்று பார்க்கிறவன். நேற்று ரத்தத் தொத்திறைச்சியை ரசித்துத்தான் தின்றான். ஆனால் ஜெர்மனியின் கொலோன் நகரத்துப் பீர்க்கடை வழக்கம் தெரியவில்லை. போதுமென்றால் கிளாஸுக்கு அடியிலிருக்கும் அட்டையை எடுத்து அதன்மேல் மூட வேண்டும். மூடாதவரை அடுத்த கிளாஸ் கேட்காமலே வரும். பத்தாவது கிளாஸோடு அவன் தண்ணீர் கேட்டான்.

"சோப்பும் துண்டும் சேத்துக் கொண்டு வரட்டுமா, தொர?" என்று கேட்டபடி ஹெரிபர்ட் பதினோராவதை வைத்தார்.

"இன்னொரு பீரை யாருய்யா கேட்டா? திருட்டுப் பயலே!" என்று அவன் அவர் கையிலிருந்த கிளாஸ் தட்டைத் தட்டிவிட்டான். முப்பது வருஷத்தில் யாரும் அவரை அப்படிச் சொன்னதில்லை. கடையில் வேறு யாரும் இல்லை. உடைந்த கிளாஸை அவன் கழுத்தில் இறக்கினார்.

இன்று பழக்கதோஷத்தில் அவர் கையே ஒரு கிளாஸை அவன்முன் வைத்தது.

"சோப்பு வேணாம். குளிச்சிட்டுத்தான் வந்தேன்."

"போதும் தம்பி, போயிடு."

"உங்க வழக்கம் இப்பத்தான் புரிஞ்சுது. மூடுற வரைக்கும் நிறுத்தக் கூடாது, அப்படித்தானே?"

கிளாஸை மேசை விளிம்பில் உடைத்து அவர் தோளில் இறக்கினான். உருவி, மறுபடி இறக்கினான். ஹெரிபர்ட் மேசைமேல் அட்டையைத் துழாவினார். அட்டை அங்கே இல்லை. அது அவன் கழுத்துப் பொத்தலை மூடி, ரத்தத்தில் ஊறி ஒட்டியிருந்தது.